மேற்கட்டியின் நல்ல பக்கம்

தலைக்கு மேலே தொங்கப்போகிற சித்திரத்தைத் தரையில் விரித்து வைத்துக் குற்றம் கண்டுபிடிக்கிறவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. சொன்னால் சின்ன விஷயம்போலத் தோன்றும். இதற்காக நாலு மாத உழைப்பைப் பறிகொடுத்தவள் நான். எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. கோயம்புத்தூரைச் சுற்றிப் பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். நாங்கள் நொய்யல் ஓரமாகக் குடியிருந்தோம். ஆற்றங்கரை அழகாக இருக்கிறதென்று இல்லை. சாயம் ஏறின துணியை ஓடுகிற தண்ணீரில்தான் அலச வேண்டும், அதனால். அந்த ஆறோ வருஷத்தில் பாதி நாள் மணலைக் காட்டிக்கொண்டு கிடக்கும். என் எரிச்சல்களில் முதல் எரிச்சல் அந்த ஆறு.

என் வீட்டுக்காரர் கோயில் சீலை எழுதுகிறவர். எங்கள் தொழிலில் வரைவதை எழுதுவது என்றுதான் சொல்வோம். தேருக்குக் கட்டுகிற தொம்பை, தூணைச் சுற்றுகிற சீலை, சுவாமிக்கு மேலே கூரைபோலக் கட்டுகிற மேற்கட்டி, இவையெல்லாம் அவர் கைவேலை. தங்கமான மனிதர். அதுதான் சங்கடமே. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே சொல்: "செரிங்க." மழை வரும் என்றாலும் செரிங்க, வராது என்றாலும் செரிங்க. எங்கள் சீமையில் மரியாதைக்குக் குறைவில்லை. ஒருவன் உங்கள் குடியைக் கெடுக்க வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் கெடுப்பான். அப்படிப்பட்ட ஊரில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டால் மீதி வாழ்க்கைக்கு வேண்டிய கோபமெல்லாம் பெண்டாட்டிதான் படவேண்டும்.

அந்த வீட்டில் பெண்களுக்கு ஒதுக்கின வேலை இடம் நிரப்புவது. சீலையில் வெற்றிடம் என்று ஒன்று இருக்கவே கூடாது. அது முதல் சட்டம். சுவாமியின் தோளுக்கும் மண்டபத் தூணுக்கும் நடுவில் நாலு விரல் இடம் சும்மா கிடந்தால் அங்கே ஒரு கிளி உட்கார வேண்டும், இல்லையானால் ஒரு கொடி ஓட வேண்டும், அதுவும் கொள்ளாவிட்டால் புள்ளி வைக்க வேண்டும். பதினோரு வருஷம் நான் வைத்த கிளிகள் பறந்திருந்தால் தொண்டாமுத்தூர்ச் சோளக்காட்டில் ஒரு கதிர் மிஞ்சியிருக்காது. முகம் எழுதுவது, கை எழுதுவது எல்லாம் ஆண்கள். சுவாமி முகத்தைப் பெண் எழுதக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை என் மாமனாரைக் கேட்டேன். 'எங்க இருந்தா என்ன' என்றார். அவ்வளவுதான் பதில்.

ஒரு சித்திரை மாதம் சாயவேர் கொதிக்கிற அண்டா சரிந்து என் வீட்டுக்காரரின் வலது கை வெந்துபோனது. புண் ஆறியது. ஆனால் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. சோற்றைப் பிசையலாம், வேட்டி கட்டலாம். மூங்கில் குச்சியைப் பிடித்து ஒரே மூச்சில் புருவம் இழுக்க முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் பல்லடம் பக்கத்து ஊர் ஒன்றின் தர்மகர்த்தா மேற்கட்டி வேண்டுமென்று ஆள் அனுப்பினார். பங்குனியில் அம்மன் திருக்கல்யாணம். கல்யாண மண்டபத்து நாலு தூண்களுக்கு மேலே கட்ட, பத்து முழச் சதுரத்தில், அம்மன் கல்யாணக் கதை முழுவதும் வரவேண்டும். இவர் வழக்கம்போலச் சொல்லிவிட்டார். செரிங்க.

ஆள் போன பிறகு என்னைப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன்.

"நீ எழுதிப்போடு. நான் பக்கத்துல இருக்கறேன்," என்றார்.

யாரிடமும் சொல்லவில்லை. அவர் கைக்காகத்தான் ஊரார் வருவது. கை இப்படி ஆனது தெரிந்தால் வருவார்களா? எனக்கும் பெயர் வேண்டியிருக்கவில்லை. வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தச் சீலை மண்டபத்தில் கட்டினபிறகு திருவிழாக் கூட்டத்தில் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். நான் எழுதின முகத்தைப் பக்கத்தில் நிற்கிற நாலு பேர் பார்ப்பதை நான் பார்க்க வேண்டும். கிளியைத் தவிர வேறெதையும் எழுதாமலே செத்துப்போவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது சின்ன ஆசை இல்லை.

ஆடியில் ஆரம்பித்தோம். துணியைச் சாணிப்பாலில் ஊறவைத்து, வெயிலில் வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து தோய்த்துக் காயவைத்தோம். எருமைப்பால் இல்லையானால் மை துணியில் பரந்து ஓடிவிடும். அடுப்பில் காய்ச்சிக் குடிக்கவேண்டிய பாலைத் துணிக்கு ஊற்றுகிறாளே என்று பக்கத்து வீட்டுக்காரி தினமும் ஒரு பெருமூச்சு விட்டாள். புளியங்கரியால் கோடு போட்டு, அதன்மேல் இரும்புத் துருவும் வெல்லமும் ஊறின மையால் எழுதினேன். அந்த மை துணியில் பட்டதும் கடுக்காயைக் கண்டு கறுத்துவிடும். பிறகு பிரம்மா வந்தாலும் அழிக்க முடியாது. அதனால் கோடு போடும் முன்பே எல்லாவற்றையும் யோசித்துவிட வேண்டும். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கட்டிக்கு என்று தனிக் கணக்கு உண்டு. நடுவில் தாமரை. அது சுவாமியின் தலைக்கு நேர் மேலே வரும். தாமரையைச் சுற்றிக் கதை வட்டமாக ஓடும். அம்மன் தவம் இருப்பதில் தொடங்கி, முனிவர்கள் தூது வருவது, பெண் கேட்பது, மாப்பிள்ளை காளைமேல் வருவது, மாலை மாற்றுவது, தாரை வார்ப்பது, தாலி கட்டுவது, ஊர்வலம் என்று எட்டுக் கட்டம். சனங்கள் சுவாமியை வலம் வரும்போது அண்ணாந்து பார்த்தால், அவர்கள் நடக்க நடக்கக் கதையும் கூடவே நடக்க வேண்டும். இங்கேதான் சூட்சுமம். மேலே வலமாக வரவேண்டிய கதையைத் தரையில் எழுதும்போது இடமாக எழுத வேண்டும். தரையில் வானத்தைப் பார்த்துக் கிடக்கிற துணி மேலே போகும்போது குப்புறக் கவிழ்ந்து போகிறது அல்லவா? கவிழ்ந்தால் சுற்று மாறிவிடும். வலமாக எழுதினது இடமாகும், இடமாக எழுதினது வலமாகும். மேற்கட்டி எழுதுகிற எல்லாருக்கும் இது தெரியும். எழுதாதவர்களுக்குச் சொன்னால் விளங்காது. எனக்கே என் வீட்டுக்காரர் மூன்று தடவை சொன்னபிறகுதான் விளங்கியது.

ஐப்பசிக்குள் கறுப்பு முடிந்து சிவப்பும் ஏறிவிட்டது. அம்மன் முகத்தை எட்டு இடத்திலும் எழுதிவிட்டேன். எட்டும் ஒரே முகம், எட்டும் வேறு வேறு வயசு. நானே எழுதினதா என்று எனக்கே நம்ப முடியவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்? தர்மகர்த்தா பார்க்க வந்தார். கூட இரண்டு பேர்.

நான் குச்சியை வைத்துவிட்டு நடைக்கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எழுதுகிறவர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்த மனிதர் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு கும்பிட்டார். மூன்று பேரும் சீலையைச் சுற்றி நடந்தார்கள். முதலில் வந்தது சின்னச் சின்னக் குறைகள். மாப்பிள்ளைக்கு மீசை போதாது என்றார் ஒருவர். இன்னொருவருக்குக் காளைக்குப் பதிலாக மோட்டார் கார் இருந்தால் தேவலை. 'காலத்துக்குத் தக்கன இருக்கோணுமில்லீங்க' என்றார். இவர் எல்லாவற்றுக்கும் செரிங்க என்றார். நான் கதவுக்குப் பின்னால் பல்லைக் கடித்தேன். மீசையைக் கொஞ்சம் கூட்டலாம். மோட்டாரை மறந்துவிடுவார்கள்.

தர்மகர்த்தா மட்டும் பேசாமல் ஒரு சுற்று வந்து நின்றார். திரும்பவும் ஒரு சுற்று வந்தார். விரலால் காற்றில் வட்டம் போட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க," என்றார் மெதுவாக. "கதை இடஞ்சுத்திப் போகுதுங்களே?"

"ஆமாங்க. மேல கட்டுனா வலமா வந்துருமுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"அதெப்படிங்க வரும்? துணி அதே துணிதானுங்களே?"

இவர் விளக்கினார். அதை விளக்கம் என்று சொன்னால் பாவம் வரும். கவுந்தா மாறுமுங்க, அது அப்படித்தானுங்க, எங்க தொழில்ல அதுதானுங்க வழக்கம், என்று மென்று முழுங்கினார். தர்மகர்த்தா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "அதெல்லாஞ் செரிதானுங்க. ஆனா கண்ணுக்கு முன்னால இடமாப் போகுதுங்களே. சாவு ஊட்டுலயல்லங்க இடஞ்சுத்துவாங்க. அம்மன் கல்யாணத்துக்கு ஆகுங்களா? வலமா எழுதிக் குடுத்துப்போடுங்க," என்றார்.

எழுதிக் கொடுத்துப்போடுங்களாம். அடுப்பிலிருந்து தோசையை எடுத்துத் திருப்பிப்போடுவதுபோல.

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பது தெரிந்தது. அதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன். கையில் கிடைத்தது முறம். அதில் கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டு, வலமாக ஓடுகிற மாதிரி அம்புக்குறிகள் வைத்தேன். தரையில் வைத்து, "இது வலந்தானுங்களே?" என்றேன்.

"வலந்தானுங்க அம்மணி."

அதே முறத்தை எடுத்து அவர் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தேன். "இப்ப அண்ணாந்து பாத்துட்டே வலம் வாங்க."

தர்மகர்த்தா மரியாதையுள்ள மனிதர். ஒரு பொம்பளை தலைக்குமேல் முறத்தைப் பிடித்துக்கொண்டு சுற்று என்கிறாளே என்று கோபித்துக்கொள்ளவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே தன் இடத்திலேயே வலமாகச் சுற்றினார். அம்பெல்லாம் எதிரே ஓடிவந்தது. நின்றார். இன்னொரு தடவை சுற்றினார். முகத்தில் வெளிச்சம் வந்தது. புரிந்துவிட்டது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"நீங்க சொல்றது வாஸ்தவந்தானுங்க அம்மணி. அப்படியே திரும்பிப்போகுதுங்க," என்றார். பிறகு துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஆனாலும் வலமாவே எழுதிக் குடுத்துப்போடுங்க," என்றார்.

எனக்குக் காது சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

அவர் பொறுமையாகக் காரணம் சொன்னார். கட்டுவதற்கு முந்தினநாள் சீலையைக் கோயில் வாசலில் விரித்துப் பூசை போடுவார்கள். ஊர் மொத்தமும் சுற்றி வந்து பார்க்கும். தர்மகர்த்தாவின் எதிர்ப்பங்காளிகளும் வருவார்கள். எங்கே குற்றம் என்று தேடிக்கொண்டே வருவார்கள். இடஞ்சுற்றிப் போகிற கதையைக் கண்டால் அவர்களுக்கு அதுவே திருவிழா. "அவங்க ஒவ்வொருத்தர் தலைக்கு மேலயும் நான் மொறம் புடிச்சுட்டு நிக்க முடியுங்களா? தரையில பாக்கறது ஊரு முச்சூடும். மேல ஆருங்க பாக்கறாங்க? எங்கூர்ல சனம் அண்ணாந்து பாக்கறது மழைக்கு மட்டுந்தானுங்க."

"அப்ப மேற்கட்டி எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"மேல கட்டறதுக்குத்தானுங்க," என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் சொன்னார்.

"செரிங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

அவர்கள் போனபிறகு நான் போட்ட சத்தத்தில் ஆற்றங்கரையில் துணி துவைத்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். இதில் ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு முகத்துக்கு எத்தனை நாள் உட்கார்ந்தேன், முதுகு எப்படிப் போனது, இன்னும் நாலு மாசந்தான் இருக்கிறது, அழிக்கவும் முடியாது, முதலிலிருந்து எழுத வேண்டும், எழுதி என்ன, மேலே போனால் கதை பின்னால் போகும், அப்போது யார் தலை உருளும், ஒரு தடவையாவது முடியாதுங்க என்று சொல்ல வாய் வரவில்லையா? எல்லாவற்றையும் கேட்டேன். அவர் சீலையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"அவருக்குப் புரியலீனா இன்னும் நாலு வார்த்த சொல்லலாம். புரிஞ்சுபோச்சு. புரிஞ்சும் வேண்டாங்கறாரு. அதுக்கு மேல என்னத்தப் புள்ள சொல்றது?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே கோபம் கூடிப்போனது.

கார்த்திகையில் இரண்டாம் சீலை ஆரம்பித்தோம். தர்மகர்த்தாவே துணி அனுப்பியிருந்தார். அவர் மருமகன் கதர் கட்டுகிற ஆளாம். அம்மனுக்கும் கதர்தான் என்று சொல்லிவிட்டானாம். கையால் நூற்று நெய்த அந்தத் துணியில் சல்லடைபோலக் கண்கள். மை வைத்தால் மறுபக்கம் இறங்கித் தரையில் பதிந்தது. அடியில் ஏதாவது விரித்தாக வேண்டும். ஒருநாள் நான் ஆற்றுக்குப் போய்விட்டு வருவதற்குள் என் வீட்டுக்காரர் விரித்து வைத்திருந்தார். முதல் சீலையை. என் எட்டு அம்மன்களின் மேலே புதுத் துணி கிடந்தது.

"சும்மாத்தானே கெடக்குது," என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். ஒரு மாதத்துக்கு அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், மை ஊறப்போட்டேன், எழுதினேன். மேலிருந்து சொட்டின மை கீழே இருந்த முகங்களில் அங்கங்கே கறுத்தது. நாலே மாதத்தில் முடிக்க வேண்டிய அவசரத்தில் ஒரு முகத்துக்கு ஒருநாள்கூட உட்காரவில்லை. எழுதினேன், தள்ளினேன், அடுத்ததை எழுதினேன். சாயத்தை அலச ஆற்றில் தண்ணீரும் கணுக்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. இருந்தாலும் எழுதினது எழுதினதுதான். சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஏறினபிறகு சீலை கண்ணைப் பறித்தது. அதை ஒப்புக்கொள்ளக்கூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

பங்குனியில் பல்லடம் பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து தர்மகர்த்தா அனுப்பின வண்டியில் ஊருக்குப் போனோம். கோயில் வாசலில் சீலையை விரித்தார்கள். ஊர் மொத்தமும் சுற்றியது. கதை வலமாக ஓடியது. எதிர்ப்பங்காளிகளும் சுற்றினார்கள், ஒரு குற்றமும் கிடைக்காமல் மாப்பிள்ளைக்கு மீசை கொஞ்சம் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தர்மகர்த்தாவின் நெஞ்சு ஒரு முழம் அகன்றது. பொழுது சாய்வதற்குள் ஆட்கள் ஏறி, எழுதின பக்கம் கீழே தெரிகிற மாதிரி கட்டிவிட்டு இறங்கினார்கள்.

மறுநாள் காலையில் கல்யாணத்துக்கு முன்பு முதல் வலம். பூசாரி தீபத்தோடு முன்னால் போக, தர்மகர்த்தாவும் பெரிய மனிதர்களும் பின்னால் போனார்கள். அரைச் சுற்றுக்குள் எதிர்ப்பங்காளி ஒருவர் நின்றுவிட்டார். அண்ணாந்து பார்த்துக்கொண்டே, குரலில் தேன் ஒழுகக் கேட்டார்:

"ஏனுங்க, அம்மனுக்கு மொதல்ல தாலியைக் கட்டிப்போட்டு அப்புறமாத்தான் பொண்ணு கேக்கப் போறாங்களாட்ட இருக்குதுங்களே? அதுக்கும் பொறகு அம்மன் தவத்துக்குப் போயிருதுங்க. கல்யாணமே வேண்டான்னு போகுதுங்களா?"

நாதசுரம்கூட நின்றுவிட்டது. மழைக்கு மட்டும் அண்ணாந்து பார்க்கிற ஊர், இப்போது மொத்தமாக அண்ணாந்து பார்த்தது. கட்டின தாலி கழன்று, மாலை கழன்று, மாப்பிள்ளை காளையோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். யாரோ ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தர்மகர்த்தா என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். முகம் கறுத்திருந்தது. ஆனால் மரியாதை குறையவில்லை.

"ஏனுங்க, இப்படி ஆகுமுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "சொன்னமுங்களே! மொறத்த வெச்சுக் காட்டுனனுங்களே!"

"காட்டுனீங்க அம்மணி. இல்லீங்கல. நாங் காட்டுல பாடுபடறவனுங்க. எனக்கென்ன தெரியுமுங்க? தொழில் தெரிஞ்சவங்க நீங்கதான் அடிச்சுச் சொல்லியிருக்கோணும். நான் வேண்டாமுன்னு சொன்னா அப்படியே வுட்டுப்போடறதுங்களா?"

இப்படியும் ஒரு நியாயம் உலகத்தில் இருக்கிறது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். இவர் பிள்ளையைக் கிள்ளிவிட்டு, ஏன் தடுக்கவில்லை என்று தாயைக் கேட்கிறார். நான் இன்னும் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் என் வீட்டுக்காரர் பேசினார். நாலு பேர் முன்னால் அவர் தானாக ஒரு யோசனை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"திருப்பிக் கட்டிப்போடலாமுங்க," என்றார். "எழுதுன பக்கம் மேல பாக்க, அடிப்பக்கம் கீழ பாக்க. கதர்த்துணிங்க. மை மறுபக்கம் எறங்கித்தான் இருக்குது. அப்படிக் கட்டுனா வலமா வந்துருமுங்க."

மற்றவர்களுக்கு விளங்குவதற்கு முன்பு எனக்கு விளங்கிவிட்டது. அவர் சொன்னது சரி. கவிழ்க்காமல் அப்படியே தூக்கினால் சுற்று மாறாது. கதை வலமாகவே ஓடும். ஆனால் ஊர் பார்க்கப்போவது சீலையின் முதுகை. முகம் கூரையைப் பார்த்துக் கிடக்கும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அட, செரிங்களே!" என்றார் தர்மகர்த்தா.

அரை மணியில் அவிழ்த்துத் திருப்பிக் கட்டினார்கள். பூசாரி மறுபடியும் வலம் வந்தார். தவம், தூது, பெண் கேட்டல், காளை, மாலை, தாரை, தாலி, ஊர்வலம், எல்லாம் ஒழுங்காக வந்தது. எதிர்ப்பங்காளி தலையைச் சொறிந்துகொண்டு போனார். நாதசுரம் எடுத்தது. தர்மகர்த்தா வந்து என் வீட்டுக்காரரின் மடங்கின கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கமான கையிங்க இது. பாத்தீங்களா அம்மணி, நாஞ் சொன்ன மாதிரியே வலமா வந்துருச்சு," என்றார். சந்தோஷத்தில் அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதரைத் திட்டவும் முடியவில்லை.

கூட்டத்தோடு நானும் போய் நின்றேன். அண்ணாந்து பார்த்தேன். கறுப்புக் கோடு மட்டும் தெளிவாகக் கீழே இறங்கியிருந்தது. சிவப்பு வெளிறி இருந்தது. மஞ்சளும் நீலமும் இருந்த இடமே தெரியவில்லை. அதோடு முதுகுப்பக்கம் அல்லவா, வலது எல்லாம் இடதாகியிருந்தது. முனிவர்கள் இடக்கையால் ஆசீர்வாதம் செய்தார்கள். அம்மனின் கையை மாப்பிள்ளை இடக்கையால் பிடித்திருந்தார். தரையில் கதை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று நாலு மாதம் என் உயிரை எடுத்தவர்களில் ஒருவருக்கும் இது கண்ணில் படவில்லை. நல்ல பக்கத்தை, நான் நாலு சாயம் ஏற்றின பக்கத்தை, மண்டபக் கூரையில் இருந்த புறாக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அவை அதன்மேல் செய்யக்கூடிய காரியத்தை நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகைதான். விழலுக்கு இறைத்த நீர் என்பார்கள். விழலாவது முளைக்கும்.

கெட்டிமேளம் கொட்டியது. சனங்கள் அட்சதையை வீசிவிட்டுச் சுவாமியைப் பார்த்தார்கள், பக்கத்து வீட்டுக்காரி சேலையைப் பார்த்தார்கள், பந்தி எங்கே போடுகிறார்கள் என்று பார்த்தார்கள். மேலே யாரும் பார்க்கவில்லை. நான் கிளம்பலாம் என்று திரும்பினேன். பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி நின்றிருந்தாள். இருபது வயசு இருக்கும். முன்பின் பார்த்ததில்லை. குழந்தை அண்ணாந்து எதையோ காட்ட, அவளும் அண்ணாந்தாள்.

"ஏனுங்கக்கா," என்றாள் என்னிடம். "அந்த அம்மனைப் பாருங்க. தாலி கட்டறப்பக் கூடக் கோவமாவே இருக்குது. ஆரு மேல இத்தனை கோவமோ?"

நான் மறுபடியும் பார்த்தேன். தாலி கட்டும் கட்டத்தில் அம்மன் தலை குனிந்து நாணத்தோடு இருக்க வேண்டும். அப்படித்தான் எழுதினேன் என்று நினைத்திருந்தேன். தலை குனிந்துதான் இருந்தது. ஆனால் அந்தப் புருவத்திலும் இறுகின உதட்டிலும் நாணமே இல்லை. சாயமெல்லாம் மங்கி வெறும் கறுப்புக் கோடு மட்டும் நின்றதில் கோபம் அப்பட்டமாகத் தெரிந்தது. தவத்தில் இருந்த அம்மனும் அப்படியே. மாலை மாற்றுகிற அம்மனும் அப்படியே. எட்டிலும் அதே முகம். எழுதும்போது எனக்கே தெரியவில்லை.

"அத எழுதுனவகிட்டத்தான் கேக்கோணும்," என்றேன்.

"எழுதுனவளா? பொம்பளையா எழுதுனா?"

என் வீட்டுக்காரர் பத்தடி தள்ளி நின்று தர்மகர்த்தாவோடு பேசிக்கொண்டிருந்தார். கேட்டால் கேட்கட்டும் என்று தோன்றியது.

"ஆமா கண்ணு. நாந்தான்."

அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மேலே பார்த்தாள். தவத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கட்டமாக, கழுத்து வலிக்குமே என்று நான் நினைக்கிற அளவுக்கு, வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.